முதுமையில் இதயத்தைக் காத்தல்: ஓசூர்–கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியை முன்வைத்து ஒரு மதிப்பாய்வு

முதுமையில் இதயத்தைக் காப்பது எப்படி என்ற கேள்விக்குக் கடந்த நூறு ஆண்டுகளில் மருத்துவ உலகம் அளித்த விடைகள் ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவன அல்ல. வயதானவரின் இரத்த அழுத்தத்தைக் குறைப்பது ஆபத்து என்று ஒரு காலமும், குறைக்காமல் விடுவதே ஆபத்து என்று பிறிதொரு காலமும் கற்பித்தன. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய எல்லாருக்கும் மாத்திரை வழங்கிவிடலாம் என்று ஒரு தரப்பும், நடையும் உணவும்தான் அடிப்படை என்று மற்றொரு தரப்பும் வாதிட்டன. இவை இரண்டும் தனிமனிதரையே நோக்குகின்றன, அவர் உழைத்த இடத்தையும் வாழும் ஊரையும் நோக்கவில்லை என்று மூன்றாம் தரப்பு சுட்டிக்காட்டியது.

இவ்விடைகளை எடைபோட ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதி பொருத்தமான களமாகும். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாகி, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் அடுத்தடுத்து உற்பத்தியைத் தொடங்கியபோது, வேளாண்மையை நம்பியிருந்த ஊர்களிலிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் இங்கு வந்து சேர்ந்தனர். 1985இல் 22 வயதில் பணியேற்ற ஒருவர் 2025இல் 62 வயதை எட்டியிருப்பார் என்பதால், இப்பகுதியின் முதல் ஆலைத் தலைமுறை இப்போதுதான் முதுமைக்குள் நுழைகிறது என்று கொள்ளலாம். தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டதும் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். ஆகவே மேற்சொன்ன விடைகளில் பெரும்பாலானவை இம்மாவட்டத்தில் ஏதேனும் ஒரு வடிவில் நடைமுறைக்கு வந்திருக்கின்றன.

முதுமை எங்கே தொடங்குகிறது

இந்தியச் சட்டம் 60 வயதை மூத்த குடிமக்களின் எல்லையாக வகுக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007) இதையே பின்பற்றுகிறது. இதயத்தைப் பொறுத்தவரை இவ்வெல்லை நம் நாட்டில் சற்றுப் பிந்தியது என்று கருத இடமுண்டு. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தரவுகளைத் தெற்காசியர்களுக்கெனப் பிரித்து நோக்கியபோது, முதல் மாரடைப்பு அவர்களுக்குச் சராசரியாக 53 வயதிலும் பிற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 வயதிலும் ஏற்பட்டது தெரியவந்தது. புகைபிடித்தல், கொழுப்புச் சீர்கேடு, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வயிற்றுப் பருமன் போன்ற இடர்க்காரணிகள், அதாவது நோய் வரும் வாய்ப்பை உயர்த்தும் நிலைகள், தெற்காசியரிடம் முன்னதாகவே தலைகாட்டுவது இவ்வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கியது. இதயச் செயலிழப்பு, அதாவது உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இதயம் செலுத்த இயலாத நிலை, மேலைநாடுகளில் பெரும்பாலும் எழுபதைக் கடந்தோரின் நோயாக இருக்க, திருவனந்தபுரத்தில் 2013இல் மேற்கொள்ளப்பட்ட பதிவேட்டு ஆய்வில் நோயாளிகளின் சராசரி வயது 61 அளவிலேயே இருந்தது.

நோய் ஏதும் இல்லாதவரிடத்திலும் வயது இதயத்தை மாற்றுகிறது. பெருந்தமனியின் சுவரிலுள்ள மீள்தன்மை கொண்ட இழைகள் சிதைந்து அது விறைக்கிறது. விறைத்த குழாயை எதிர்த்து இயங்கும் இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. இதயம் சுருங்கும் வலிமை பெரிதும் குன்றாவிட்டாலும் தளர்ந்து விரியும் வேகம் குறைகிறது. வால்வுகளில் சுண்ணாம்புச்சத்து படிகிறது. உச்ச உழைப்பின்போது எட்டக்கூடிய துடிப்பின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் சரிகிறது. இம்மாற்றங்களில் எவை வயதுக்கு உரியவை, எவை தடுக்கத்தக்க நோய் என்ற கேள்வியே பின்வரும் விவாதங்கள் அனைத்துக்கும் அடியில் உள்ளது.

இரத்த அழுத்தம்: இயல்பா, நோயா

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது இரத்த அழுத்தத்தில்தான். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த மருத்துவக் கருத்துப்படி, வயது ஏற ஏற அழுத்தம் உயர்வது உடல் தனக்குத்தானே செய்துகொள்ளும் ஈடுகட்டல் ஆகும். குறுகி விறைத்த தமனிகள் வழியே மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தத்தைச் செலுத்த உயர் அழுத்தம் தேவை என்றும், அதைக் குறைத்தால் அவ்வுறுப்புகள் வாடும் என்றும் மருத்துவர்கள் நம்பினர். அக்காலத்தில் கிடைத்த மருந்துகள் கடுமையான பக்கவிளைவுகள் உடையவையாக இருந்ததால் இந்நம்பிக்கை எளிதில் நிலைத்தது.

1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு இதை முதலில் அசைத்தது. அழுத்தம் மிகுந்தோருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வருவதை அது பல்லாண்டுக் கண்காணிப்பில் நிறுவியது. முதியவர்களிடத்தில், இதயம் சுருங்கும்போது பதிவாகும் மேல் அழுத்தம் உயர்ந்தும் அது விரியும்போது பதிவாகும் கீழ் அழுத்தம் இயல்பாகவோ தாழ்ந்தோ இருக்கும் நிலையும் ஆபத்தற்றது அன்று என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஆயினும் ஆபத்து உண்டு என்பதும் மருந்தால் அது குறையும் என்பதும் வேறுவேறான கூற்றுகள். இரண்டாவதை மெய்ப்பிக்கச் சோதனைகள் தேவைப்பட்டன.

1991இல் வெளியான ‘ஷெப்’ சோதனையில் 60 வயதைக் கடந்த 4,736 பேருக்கு, உயர்ந்திருந்த மேல் அழுத்தத்தைச் சிறுநீர்ப்பெருக்கி மருந்தை முதன்மையாகக் கொண்டு குறைத்தபோது பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்தது. எண்பதைக் கடந்தோருக்கும் இது பொருந்துமா என்ற ஐயத்துக்கு 2008இல் ‘ஹைவெட்’ சோதனை விடை கூறியது: 3,845 பேரில், 150/80 என்ற மிதமான இலக்கை நோக்கி மருந்து பெற்றோரிடையே எல்லாக் காரணங்களாலும் நேரும் இறப்பு 21 விழுக்காடும், இதயச் செயலிழப்பு 64 விழுக்காடும் குறைந்தன. முதுமையில் இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் வேறெந்த மருத்துவத் தலையீடும் இவ்வளவு பெரிய பயனைக் காட்டியதாகச் சொல்வது கடினம்.

எவ்வளவு குறைப்பது என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. 2015இல் வெளியான ‘ஸ்பிரின்ட்’ சோதனை 120க்குக் கீழான மேல் அழுத்த இலக்கு 140க்குக் கீழான இலக்கைவிடச் சிறந்தது என்றும், 75 வயதைத் தாண்டியோருக்கும் அது பொருந்தும் என்றும் காட்டியது. ஆனால் அச்சோதனை சர்க்கரை நோயாளிகளையும், முன்பு பக்கவாதம் வந்தவர்களையும், முதியோர் மனைகளில் வசிப்போரையும், எழுந்து நிற்கும்போது அழுத்தம் மிகத் தாழ்வோரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அளவீடும் ஓய்வான அறையில் தானியங்கிக் கருவியால், பெரும்பாலும் ஊழியர் உடனில்லாத நிலையில் நிகழ்ந்தது. கூட்டம் நிரம்பிய புறநோயாளர் பிரிவில் எடுக்கப்படும் அளவு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். 2024இல் வெளியான சீனாவின் ‘பி-புரோட்’ சோதனை சர்க்கரை நோயாளிகளுக்கும் 120 என்ற இலக்கு பயன் தருவதைக் காட்டி ஓர் இடைவெளியை நிரப்பியது. தளர்ச்சி மிக்க, பல நோய்களுக்குப் பல மருந்துகள் உண்ணும், விழுந்து எலும்பு முறியும் அச்சமுள்ள முதியவரைப் பற்றிய இடைவெளி மட்டும் அப்படியே நிற்கிறது.

இம்மாவட்டத்துக்கு இதில் தனியான ஒரு பரிமாணம் உண்டு. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் மார்கழி, தை விடியலும், சமவெளியை ஒட்டித் தாழ்ந்துள்ள கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சித்திரை வெயிலும் ஒரே மருந்துச் சீட்டின்மீது எதிரெதிராக வேலை செய்கின்றன. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. கோடையில் நீரிழப்பு நேரும்போது சிறுநீர்ப்பெருக்கி உண்பவருக்கு அழுத்தம் சட்டென்று தாழ்ந்து தலைசுற்றலும் வீழ்ச்சியும் ஏற்படக்கூடும். ஆகவே முதியவரின் மருந்தளவை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து விட்டுவிடாமல், பருவம் மாறும்போதும், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளந்து சீர்செய்வதே அறிவார்ந்தது.

உழைப்பும் நடையும்

இதய நோய்க்கும் உடலசைவுக்கும் உள்ள உறவை முதலில் எண்களால் காட்டியவர் ஜெரி மோரிஸ். 1953இல் வெளியான அவரது ஆய்வில், லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, அமர்ந்தே பணிபுரிந்த ஓட்டுநர்களுக்கு இதய நோய் மிகுதியாக இருந்தது. பின்னர் சீருடை அளவுகளை ஒப்பிட்டபோது, ஓட்டுநர்கள் பணியில் சேரும்போதே இடுப்பளவு பெருத்தவர்களாக இருந்ததும் வெளிப்பட்டது. உடலசைவு இதயத்தைக் காத்ததா, நல்ல உடலுடையோர் அசைவு மிகுந்த வேலைக்குச் சென்றனரா என்ற இந்தச் சிக்கல் பின்வந்த கண்காணிப்பு ஆய்வுகள் அனைத்திலும் தொடர்கிறது.

ஆலைத் தொழிலாளரைப் பொறுத்தவரை இது மேலும் சிக்கலாகிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் முன்வைத்த ‘உடலுழைப்பு முரண்’ என்ற கருத்தின்படி, ஓய்வுநேரத்தில் தானே விரும்பிச் செய்யும் அசைவு இதயத்துக்கு நலம் பயக்க, வேலையில் மணிக்கணக்காக நிற்பதும் பளு தூக்குவதும் அதே நலத்தைத் தருவதில்லை. சில ஆய்வுகளில் தீங்கோடும் தொடர்புற்றிருக்கின்றன. இடைவிடாத நிலைத்த உழைப்பு நாள் முழுதும் துடிப்பையும் அழுத்தத்தையும் உயர்த்தி வைக்கிறது, மீட்சிக்கு நேரம் தருவதில்லை என்பது அவர்கள் கூறும் விளக்கம். இதை ஏற்காதோர், உடலுழைப்பு செய்வோரின் வறுமை, புகைப்பழக்கம், உறக்கக் குறைவு ஆகியவற்றை முழுதாகக் கழித்துப் பார்க்க இயலவில்லை என்கின்றனர். எவ்வாறாயினும், ‘இத்தனை ஆண்டு ஆலையில் உழைத்த உடம்புக்கு நடை எதற்கு’ என்ற பொதுவான எண்ணத்துக்கு அறிவியல் ஆதரவு இல்லை.

ஷிப்டு முறை வேலை தனிக் கவனம் பெற வேண்டியது. 34 ஆய்வுகளை ஒருங்கிணைத்து 2012இல் வெளியான பகுப்பாய்வு, ஷிப்டு வேலை செய்வோருக்கு மாரடைப்பு வாய்ப்பு 23 விழுக்காடு கூடுதல் என்று மதிப்பிட்டது. இறப்பு கூடியதாக அது காட்டவில்லை. இரவு ஷிப்டில் உறக்கத்தின் ஒழுங்கும் உணவு வேளையும் குலைவது, இரவில் இயல்பாகத் தாழவேண்டிய அழுத்தம் தாழாமலிருப்பது ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன. பணி ஓய்வுக்குப் பின் இந்தக் கூடுதல் இடர் எத்தனை ஆண்டுகளில் மறையும் என்பது ஓசூர் போன்ற ஊருக்கு மிக முக்கியமான கேள்வி. இதற்குத் திட்டவட்டமான விடை எங்கும் இல்லை.

2023 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் தொடங்கப்பட்ட ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம், மாவட்டம்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை ஒன்றை அடையாளப்படுத்தியது. எட்டுக் கிலோமீட்டர் என்பது பத்தாயிரம் காலடிகளுக்குக் குறையாத தொலைவு. பத்தாயிரம் என்ற எண் 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடிமானி ஒன்றின் பெயரிலிருந்து பரவியதேயன்றி ஆய்விலிருந்து பிறந்ததன்று. 60 வயதைக் கடந்தோரை ஆராய்ந்த அண்மைக்கால ஒருங்கிணைந்த பகுப்பாய்வுகள் நாளொன்றுக்கு 6,000 முதல் 9,000 காலடிகளுக்குள்ளேயே பெரும்பயன் கிட்டுவதைக் காட்டுகின்றன. மிகக் குறைவாக நடப்போர் சற்றே கூட்டிக்கொள்வதிலும் கணிசமான பயன் தெரிகிறது. மறுபுறம், 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேரைக் கொண்ட அமெரிக்காவின் ‘லைஃப்’ சோதனையில், திட்டமிட்ட நடைப்பயிற்சி நடமாட்டம் முடங்குவதைக் குறைத்தபோதிலும் இதய நோய் நிகழ்வுகளைக் குறைக்கவில்லை. நடையின் முதன்மைப் பயன் முதியவரைத் தன் காலில் நிற்கவைப்பதே என்றும், இதயத்துக்கான பயன் அதைத் தொடர்ந்து மெல்ல வருவது என்றும் கருதுவது பாதுகாப்பானது. மேலும் ஓசூரின் இராமநாயக்கன் ஏரிக்கரை போன்ற இடங்களை எட்டுவதற்கே போக்குவரத்து மிகுந்த சாலையைக் கடக்க வேண்டிய ஊரில், நடையை அறிவுரையாக மட்டும் நிறுத்திக்கொள்வது அரைகுறை மருத்துவம்தான்.

களியும் உப்பும்

கிருஷ்ணகிரி மாவட்டம் தமிழகத்தில் கேழ்வரகு மிகுதியாக விளையும் பகுதிகளுள் ஒன்று. களியும் கீரைக் கடைசலும் கொள்ளும் அன்றாட உணவாக இருந்த தலைமுறைக்கு இதய நோய் இல்லை என்ற பேச்சு இங்கு வலுவாக உண்டு. இக்கூற்றில் பாதியே நிற்கும். அத்தலைமுறையில் பலர் இதய நோய் தாக்கும் வயதை எட்டுமுன்பே தொற்றுநோய்களால் மடிந்தனர். அன்று கிராமத்தில் நேர்ந்த திடீர் இறப்புக்கு யாரும் காரணம் கண்டு பதியவும் இல்லை. கேழ்வரகிலுள்ள நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் மெய்யானவை. சிறுதானியங்கள் மொத்தக் கொலஸ்ட்ராலை ஏறத்தாழ 8 விழுக்காடு குறைப்பதாக 2021இல் ‘இக்ரிசாட்’ தலைமையில் வெளியான பகுப்பாய்வு தெரிவித்தது. ஆனால் அதில் அடங்கிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்தவை. பட்டை தீட்டிய அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகைக் கொள்வது நன்று என்று சொல்லலாம்; மாரடைப்பைத் தடுக்கும் என்று சொல்ல இன்னும் சான்று போதாது. நுண்மாவாக அரைத்துக் காய்ச்சிய கூழ், களியைவிட விரைவாகச் சர்க்கரையை ஏற்றக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உப்பைப் பற்றிய சான்று இதைவிட உறுதியானது. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பை உண்ணப் பரிந்துரைக்கிறது. மேலைநாடுகளில் உப்பின் பெரும்பகுதி ஆலைத் தயாரிப்பு உணவுகளிலிருந்து வருவதால் அங்கு உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்துவது பலன் தந்தது. இங்கோ குழம்பிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் மோர் மிளகாயிலும் கருவாட்டிலும் வீட்டிலேயே சேர்கிறது. ஆகவே 2021இல் வெளியான சீன ஆய்வொன்று நமக்கு நேரடியாகப் பயன்படும். 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களோ 60 வயதைக் கடந்து உயர் அழுத்தம் உடையவர்களோ ஆன 20,995 பேரில் பாதிப் பேருக்கு, நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த மாற்று உப்பு வழங்கப்பட்டது. வேறெந்த அறிவுரையும் மருந்தும் கூட்டப்படாமலேயே பக்கவாதம் 14 விழுக்காடும் இறப்பு 12 விழுக்காடும் குறைந்தன. சிறுநீரகம் பழுதுற்றோருக்கும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மருந்து உண்போருக்கும் இவ்வுப்பு ஆபத்தாகலாம். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டிருப்பதே தெரியாத முதியோர் பலர் இருக்கும் ஊரில் இது சிறிய எச்சரிக்கை அன்று.

எல்லாருக்கும் மாத்திரையா

2003இல் வால்ட், லா என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்கள், 55 வயதைக் கடந்த அனைவருக்கும் சோதனை ஏதுமின்றிப் பல மருந்துகளை ஒன்றாக்கிய கூட்டு மாத்திரையைக் கொடுத்தால் இதய நோயும் பக்கவாதமும் 80 விழுக்காட்டுக்கு மேல் குறையும் என்று கணக்கிட்டு எழுதியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. கணக்கைச் சோதனையாக்கியதில் ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்கு முக்கியப் பங்குண்டு. இந்தியக் கூட்டு மாத்திரை ஆய்வு அங்கிருந்தே ஒருங்கிணைக்கப்பட்டது. அந்த வரிசையின் மூன்றாம் ஆய்வு 5,713 பேரை, அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இந்தியர், சராசரியாக 4.6 ஆண்டுகள் கண்காணித்தது. கூட்டு மாத்திரையும் ஆஸ்பிரினும் சேர்ந்து பெற்றோரில் 4.1 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை பெற்றோரில் 5.8 விழுக்காட்டினருக்கும் இதய நிகழ்வுகள் நேர்ந்தன. பயன் மெய்; ஆனால் 80 விழுக்காடு என்ற வாக்குறுதிக்கு வெகுதொலைவு. பலர் மாத்திரையை இடையில் நிறுத்திவிட்டதும் இதற்கு ஒரு காரணம். 2023இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய மாத்திரையை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆஸ்பிரினைத் தனியே எடுத்தால் நிலை வேறு. இதய நோய் வராத 19,114 முதியவர்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ‘ஆஸ்ப்ரீ’ சோதனையில் அது இதய நிகழ்வுகளைக் குறைக்கவில்லை, இரத்தக் கசிவைக் கூட்டியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கோ ஸ்டென்ட் பொருத்தியவருக்கோ உயிர்காக்கும் மருந்தாக விளங்கும் ஒன்று, நோயற்ற எழுபது வயதினர் தாமாக உண்ணும்போது தீங்காவதை இது காட்டுகிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளைப் பொறுத்தவரை, நோய் வந்தவருக்கு எந்த வயதிலும் பயன் உண்டு. 75 வயதைக் கடந்த, நோயே வராதவருக்குப் புதிதாகத் தொடங்குவதன் பயன் உறுதிப்படவில்லை. இதற்கென்றே ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரிய சோதனைகள் தொடங்கப்பட்டன.

இப்பகுதியில் பலர் நம்பிப் பருகும் மருதம்பட்டைக் குடிநீர் பற்றியும் ஒரு சொல். 1995இல் வெளியான இந்திய ஆய்வொன்று இதயச் செயலிழப்புற்ற 12 பேரிடம் நல்ல பலனைக் கண்டது. அதற்குப் பின் போதிய அளவில் பெரிய சோதனை நடைபெறவில்லை. மரபு மருத்துவத்தை மதிப்போர் முதலில் கோர வேண்டியது அப்படியொரு சோதனையைத்தான். அதுவரை, மருத்துவர் கொடுத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிநீரைப் பருகுவதற்கு நியாயம் இல்லை.

வீடு தேடி வந்த மருத்துவம்

மேற்கண்ட தரப்புகள் எல்லாம் எதைக் கொடுப்பது என்று வாதிட்டபோது, கொடுத்ததை யார் தொடர்ந்து உண்கிறார்கள் என்ற கேள்வி நெடுங்காலம் பின்னால் நின்றது. தொற்றா நோய்களின் இடர்க்காரணிகளை அளக்க 2020இல் தமிழ்நாட்டில் மேற்கொள்ளப்பட்ட ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பு வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகவும், அவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருப்பதாகவும் கண்டது. விலை மலிவான, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும் அம்லோடிபின் போன்ற மருந்துகள் இருக்கும்போதும் நூறு பேரில் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் பாதுகாப்பின்றி இருந்தனர். இந்த ஓர் எண், முன்பகுதிகளில் கண்ட இலக்கு 120ஆ 140ஆ என்ற விவாதத்தைச் சற்று விலகி நின்று பார்க்கச் செய்கிறது.

சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இந்த இடத்தைத்தான் தொட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, 45 வயதைக் கடந்தோருக்கும் நடமாட்டம் குறைந்தோருக்கும் தொடர் மருந்துகளை வீட்டிலேயே சேர்க்கின்றனர். இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் உடன் இணைக்கப்பட்டன. இரண்டாம் கட்ட ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில் அழுத்தம் கட்டுக்குள் இருப்போர் 17 விழுக்காடாக உயர்ந்தனர். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றா நோய்களுக்கான பன்முகமைப் பணிக்குழு இத்திட்டத்துக்கு விருது வழங்கியது.

இரு மடங்குக்கு மேலான இவ்வளர்ச்சி பெருமைக்குரியது. எஞ்சிய 83 விழுக்காடு கவலைக்குரியது. உயர்வு முழுவதும் இத்திட்டத்தாலேயே நேர்ந்தது என்று கூற ஒப்பீட்டுக் குழு இல்லை. மாத்திரை வீட்டை அடைவதும் வாயை அடைவதும் அழுத்தத்தைக் குறைப்பதும் மூன்று வெவ்வேறு படிகள். தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டுமொழிகளாக வழங்கும் இம்மாநில எல்லைப் பகுதியில், தமிழில் அச்சிட்ட அட்டை முதியவருக்கு எவ்வளவு எட்டுகிறது என்பதும் கருதத்தக்கது. பகலில் வரும் தன்னார்வலருக்கு ஆலைக்குச் சென்ற ஐம்பது வயதினர் அகப்படுவதில்லை என்ற குறையை, பணியிடங்களுக்கே சென்று பரிசோதிக்கும் விரிவாக்கம் ஓரளவு ஈடுசெய்ய முனைகிறது.

ஓய்வும் எல்லையும்

ஆலைத் தொழிலாளருக்கு இன்னொரு முறிவும் நேர்கிறது. பணிக்காலம் முழுதும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் மருந்தகத்தில் மருந்து வாங்கியவர், ஓய்வு பெற்றதும் அத்தொடர்பை இழக்கக்கூடும். குறைந்தது ஐந்தாண்டு காப்பீட்டுப் பணி முடித்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம் என்ற விதி உண்டு. ஊதிய வரம்பைத் தாண்டியதால் ஓய்வுக்கு முன்பே திட்டத்திலிருந்து விலகியோர் இதற்கு வெளியே நின்றனர், 2024இல் இ.எஸ்.ஐ. கழகம் இவ்வகையினருக்குத் தளர்வு வழங்க முடிவெடுத்தது. இடைத்தரகர் வழியே ஒப்பந்தத்தில் உழைத்து முதுமை எய்தியவர், தம் பெயரில் தொடர்ந்து சந்தா செலுத்தப்பட்டதென நிறுவுவது எளிதன்று. அறுபதில் மாத்திரைச் சங்கிலி அறுபடுவது, மருத்துவ நோக்கில், மிகத் தவறான வயதில் நேரும் அறுபடலாகும்.

மாரடைப்பு வந்த பின் கிட்டும் காப்பில் இப்பகுதி ஒரு வகையில் பேறு பெற்றது. ஓசூர் சாலையில் பொம்மசந்திராவிலுள்ள நாராயணா இருதய மருத்துவமனையும், கர்நாடக அரசின் ஜெயதேவா இருதய நிறுவனமும் அருகில் உள்ளன. 2022 ஜனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்ட பதினொரு மருத்துவக் கல்லூரிகளுள் கிருஷ்ணகிரியும் ஒன்று. ஆனால் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பகுதியின் சிற்றூர்களுக்கு இந்த அருகாமை வரைபடத்தில் மட்டுமே உள்ளது. முதலில் அருகிலுள்ள சிறு மருத்துவமனையில் உறைவுகரைப்பு மருந்து கொடுத்து, பின் பெரிய மையத்துக்கு அனுப்பும் முறையைத் தமிழ்நாட்டில் நான்கு மருத்துவமனைத் தொகுப்புகளில் சோதித்த ஆய்வு (2017), ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்ததைக் காட்டியது. 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் அளவைக் கொடுத்து அனுப்ப வழிசெய்தது. முதியோர் விடயத்தில் இங்கு இரு எச்சரிக்கைகள் தேவை. அவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாக வராமல் மூச்சுத்திணறலாகவோ கடும் அயர்ச்சியாகவோ வெளிப்படலாம் என்பதால் அது வாயுத்தொல்லை என்று கழிக்கப்படுகிறது. 75 வயதைக் கடந்தோருக்கு உறைவுகரைப்பு மருந்தால் மூளையில் இரத்தம் கசியும் அபாயம் மிகுதி. 2013இல் வெளியான பன்னாட்டுச் சோதனை ஒன்றில் அவர்களுக்குரிய அளவை இடையிலேயே பாதியாக்க நேர்ந்தது.

திறந்திருக்கும் வினாக்கள்

சான்றுகளின் எடையை நோக்கினால், முதியவரின் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் உப்பைக் குறைப்பதும் உறுதியான தளத்தில் நிற்கின்றன, நடை பெரும்பாலும் அத்தளத்தில் நிற்கிறது, நோயற்ற மிக முதியோருக்கு ஸ்டாட்டின் தொடங்குவது ஐயத்துக்குரியது, ஆஸ்பிரின் நிராகரிக்கத்தக்கது. தளர்ந்த எண்பது வயதினருக்கு எந்த அழுத்த இலக்கு, எந்த நிலையில் மருந்தைக் குறைக்கத் தொடங்குவது என்பவை எங்கும் தீராத வினாக்கள்.

இப்பகுதிக்கே உரிய வினாக்கள் வேறு. ஷிப்டு முறையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றோரின் இதய நலத்தை, அதே வயதில் மாவட்டத்தில் வேளாண்மையிலேயே இருந்தோரின் நலத்தோடு ஒப்பிடும் ஆய்வு, முதல் ஆலைத் தலைமுறை உயிரோடு இருக்கும் இந்தப் பத்தாண்டுகளில் மட்டுமே செய்யத்தக்கது. ஆலைகளின் பழைய மருத்துவப் பரிசோதனை ஏடுகள் அழியாமல் இருந்தால் அவற்றிலிருந்து நாற்பது ஆண்டு அழுத்தக் கணக்கையே மீட்க முடியும். தமிழ்நாட்டில் மாத்திரை பெற்று, கர்நாடகத்தில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு திரும்பும் நோயாளியின் இரு ஏடுகளும் எங்கும் ஒன்றாகச் சேராதவரை, வீடு தேடிச் செல்லும் மருத்துவம் மாரடைப்பை எவ்வளவு குறைத்தது என்பதைச் சாமனப்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களிலேயே கணக்கிட இயலாது. அக்கணக்கைத் தொடங்க இரு மாநில அரசு மருத்துவமனைகளுக்கிடையே நோயாளியின் ஒப்புதலோடு தகவல் பகிரும் ஓர் ஏற்பாடு முதல் தேவையாகும்.